காங்கேயனில் பெயிண்ட் அடிக்காமல் விட்ட இடம்

லேஆஃப் ஆன கையோடு ஒரு ஸ்ப்ரே கன்னும் ஒரு பழைய டிராக்டரும் வாங்கிவிட்டதாகப் போன மாதம் இங்கே அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரிலிருந்து ஒரு தம்பி ஃபோன் செய்தார். அன்றிலிருந்து மனைவி அவரிடம் பேசுவதில்லையாம். லிவர்மோரிலிருந்து ஒரு பெண் வீடியோ காலில் வந்து தன் கராஜைச் சுற்றிக் காட்டினாள். கார் நிற்க வேண்டிய இடத்தில் சக்கரம் கழற்றிய டிராக்டர் ஒன்று கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. "பக்கத்து வீட்டுக்காரங்க டெய்லி கம்ப்ளெயின்ட் பண்றாங்க அக்கா" என்றாள், ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல. டெக்சாஸ் ரிச்சர்ட்சனில், பழைய டிராக்டர்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் என் ஷாப்பை எடுத்து நடத்தும் பிள்ளைகளோ வாரம் ஒரு சந்தேகத்தோடு வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். இத்தனை பேர் இந்தத் தொழிலுக்கு வருவீர்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கழித்தே ரிட்டயர் ஆகியிருப்பேன்.

தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். எந்த பெயிண்டில் எவ்வளவு தின்னர் கலப்பது, கிளியர் கோட் எத்தனை முறை அடிப்பது என்பதெல்லாம் இதில் வராது. டப்பாவின் மேலேயே போட்டிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். நான் சொல்லப்போவது ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் பெயிண்ட் அடிக்க மாட்டேன் என்று நின்றதைப் பற்றியும், அதனால் வந்த வம்பைப் பற்றியும்தான்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் திருச்செங்கோட்டுக்காரி என்பதால், அங்கே லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள், அந்த ரத்தம்தான் டெக்சாஸில் டிராக்டருக்கு வண்ணம் பூச வைத்தது என்று தமிழ்ச்சங்க மலரில் ஒருவர் எழுதினார். அத்தனையும் கற்பனை. டெலிகாம் கம்பெனியில் வேலை கிடைத்து ரிச்சர்ட்சனுக்கு வந்த கணவரோடு, வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் வந்து, வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்த எரிச்சலில் இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். கிரீன் கார்டு கைக்கு வந்ததும் எல்லாத் தோழிகளும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படிக்கப் போனார்கள். நான் கம்யூனிட்டி காலேஜில், இடிபட்ட கார்களை நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கும் வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதைவிட என் கணவர் அதிகமாக ஆச்சரியப்பட்டார்.

முதலில் வேலைக்குச் சேர்ந்த ஷாப் டிராக்டர்களுக்குப் பேர்போனது. அதன் முதலாளி வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை மெல்லும் மனிதர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். டிராக்டரின் பழைய பெயிண்டையெல்லாம் சுரண்டி எடுத்து, வெறும் இரும்பாக நிறுத்தியவுடன் அவர் போய், ஸ்ப்ரே கன்னுக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரை ஆஃப் செய்வார். ஷாப்பே அமைதியாகிவிடும். ஆளுக்கொரு தின்னர் நனைத்த துணியைக் கொடுத்து, வண்டியைத் துடைத்துக்கொண்டே சுற்றி வரச் சொல்வார். இதற்கு மேல் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு ஏறிவிட்டால் இந்த இரும்பை யாரும் பார்க்கப் போவதில்லை, கடைசியாகப் பார்க்கிறவர்கள் நாம்தான் என்பது அவருடைய வாதம். ஒருமுறை அப்படிச் சுற்றி வந்தபோது இரும்பில் ஏதோ சந்தேகம் வந்து, அவசரத்தில் துடித்த ஒரு பெரிய வாடிக்கையாளரின் வண்டியைப் பெயிண்ட் அடிக்காமலேயே ட்ரெய்லரில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். அந்த ஆள் வாசலில் நின்று கத்தின கத்து எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இவரோ விதையைத் துப்பிவிட்டு விளக்குமாற்றை எடுத்துத் தரையைக் கூட்ட ஆரம்பித்தார். என்ன மனுஷன் இவர் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு நானே ஷாப் வைத்து, நாலு பேர் பெயர் சொல்லும் அளவுக்கு வந்தபோது கதிர்வேல் வந்தார். கோபிக்காரர், ரிச்சர்ட்சனில் ஐடி வேலை. அவரும் நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து, என்னைவிட வயதில் மூத்த ஒரு டிராக்டரை வாங்கியிருந்தார்கள். அதற்கு 'காங்கேயன்' என்று காளையின் பெயரை வைத்து, கவுன்ட்டி கண்காட்சியில் நடக்கும் இழுவைப் போட்டியில் இறக்குவது என்று முடிவு. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: டிராக்டரின் பின்னால் உள்ள கொக்கியில், அதைத்தான் ஹிட்ச் என்கிறோம், ஸ்லெட் என்ற கனமான இழுவை வண்டியைச் சங்கிலியால் மாட்டிவிடுவார்கள். டிராக்டர் முன்னே போகப் போக ஸ்லெட்டின் மேலிருக்கும் எடைப் பெட்டி நகர்ந்து வந்து பாரத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். எப்பேர்ப்பட்ட வண்டியும் ஓர் இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். யார் அதிக தூரம் போய் நிற்கிறார் என்பதுதான் போட்டி. அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது பின்பக்க வார்ப்பு இரும்பும் அதில் முடுக்கிய ஹிட்ச்சும்.

கதிர்வேலோடு அவர் மனைவி சுகன்யாவும் வந்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து பட்டுப்புடவை ஒன்றை எடுத்து என் வேலை மேஜைமேல் விரித்தாள். தின்னரும் கிரீஸும் படிந்த மேஜை அது. எனக்குத் திக்கென்றது.

"இந்தக் கலர்தான் வேணும் அக்கா. என் ரிசப்ஷன் புடவை. மயில் கழுத்து."

"இது ரெண்டு நூல் கலந்து நெய்ததும்மா. ஒரு பக்கம் பார்த்தா நீலம், ஒரு பக்கம் பச்சை. இரும்புல எப்படிக் கொண்டு வர்றது?"

"உங்களால முடியும்னு ஊரெல்லாம் சொல்றாங்க."

இப்படிச் சொன்னால் யார்தான் முடியாது என்பார்கள்? சரி என்றேன். அப்போதுதான் தெரிந்தது, போட்டியில் காங்கேயனை ஓட்டப்போவது அவள்தான் என்று. கதிர்வேலுக்குக் கை பொறுக்காது, வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை ஒரேயடியாக இழுத்துவிடுவார். அவளுக்கு நிதானம் உண்டு. நாலு நண்பர்களும் பழகிப் பார்த்துவிட்டு, பேசாமல் அவளையே உட்கார வைத்துவிட்டார்கள்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. கதிர்வேலின் அப்பா கோபியிலிருந்து வந்திருந்தார். கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மண்ணும் புகையும் அவருக்கு ஆகாது. "இத்தனை படிக்க வெச்சது அமெரிக்காவுல வந்து டிராக்டர் வாங்கறதுக்காடா?" என்று வந்த நாளிலிருந்து ஒரே பாட்டு. அவர் ஊருக்குத் திரும்புவதற்குள் நடக்கும் ஒரே போட்டி, கண்காட்சி நடக்கும் அந்தச் சனிக்கிழமைதான். ஒரே ஒருமுறை அவர் கண்முன்னால் காங்கேயன் இழுத்துக் காட்டிவிட வேண்டும் என்று கதிர்வேல் தவித்தார். அந்தத் தவிப்பை நான் கேலி செய்யமாட்டேன். பெற்றவர்களிடம் நாம் ஒன்றும் வீணாய்ப் போய்விடவில்லை என்று காட்ட நினைப்பது எந்த வயதிலும் போகாது போலிருக்கிறது.

வண்டியைச் சுரண்டி முடித்தேன். கம்ப்ரஸரை ஆஃப் செய்தேன். தின்னர் துணியோடு சுற்றி வந்தேன். தின்னர் சீக்கிரம் காயும். துடைத்த இடமெல்லாம் ஒரு நிமிடத்தில் வெளுத்துவிட்டது. ஹிட்ச் முடுக்கியிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே மட்டும் மயிரிழை போல ஒரு கோடு கறுப்பாகவே நின்றது. மறுபடி துடைத்தேன். மறுபடியும் அப்படியே. கோட்டுக்குள் தின்னர் இறங்கித் தங்குகிறது என்றால் அது வெறும் கீறல் இல்லை, உள்ளே இடம் இருக்கிறது என்று அர்த்தம். விரிசலாக இருக்கலாம்.

கதிர்வேலைக் கூப்பிட்டேன். தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். நல்ல அனுபவசாலி, பொறுமையாகப் பார்த்தார். டார்ச் அடித்து, நகத்தால் தடவி, இது அச்சில் வார்க்கும்போதே விழுந்த மடிப்பு, இந்தக் காலத்து வண்டிகளில் சகஜம் என்றார். இருக்கலாம். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கும் அளவுக்கு நான் மெக்கானிக் இல்லை.

"அப்போ டெஸ்ட் பண்ணிடுங்க தம்பி. மெஷின் ஷாப்ல காந்தப் பொடி தூவிப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்றேன்.

"கேட்டுட்டேங்க அக்கா. சனிக்கிழமைக்கு முன்னாடி அவங்ககிட்ட டைமே இல்லீங்க. அதான் மெக்கானிக்கே சொல்லிட்டாருல்ல. பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடுங்க."

"மத்த எடமெல்லாம் அடிச்சுத் தர்றேன். அந்தக் கோடு இருக்கற எடத்தை விட்டுடறேன். டெஸ்ட் முடிஞ்சு கொண்டு வாங்க, அடிச்சுடலாம்."

"அக்கா, ஊரே வருதுங்க. பட்டுப்புடவையில ஓட்டை விழுந்த மாதிரி இருக்காதா?"

"இருக்கும். இருக்கட்டும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இதைச் சுகன்யாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அக்கா. ஒன்னும் இல்லாததுக்குப் பயந்துக்குவா. கை நடுங்கினா த்ராட்டில் புடிக்க முடியாது."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். எதிரில் இருப்பவர் மனம் கோணக்கூடாது என்று வாயை மூடிக்கொள்வோம். அவரோ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த இடத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு மற்ற வேலையை முடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படி ஒரு மயில் கழுத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கொண்டுவந்ததில்லை. நின்று பார்த்தால் நீலம், நகர்ந்து பார்த்தால் பச்சை. சக்கர வட்டுகளுக்குப் புடவையின் ஓரத்தைப் போல அரக்கு. பானெட்டில் 'காங்கேயன்' என்று தமிழிலேயே எழுதினேன். டேப்பை உரித்தபோது பின்பக்கத்தில் அந்தச் சாம்பல் இரும்பு மட்டும் பல்லை இளித்தது. எடுத்துப் போக வந்த கதிர்வேல் வண்டியைச் சுற்றி வந்து, முன்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார், பின்பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

சனிக்கிழமை கண்காட்சித் திடலுக்கு நானும் போனேன். நம் கூட்டம் ஒரு பக்கமாக மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அலுமினிய ட்ரேக்களில் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும். கவ்பாய் தொப்பி போட்ட உள்ளூர்க்காரர்கள் காங்கேயனைச் சுற்றி நின்று வாயைப் பிளந்தார்கள். டிராக்டர் என்றால் சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று கம்பெனிக் கலர்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு வேதம். ஒரு பெரியவர், இது என்ன கலர் என்று கேட்க, சுகன்யா "மை ரிசப்ஷன் சாரி" என்றாள். அவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

நான் நேரே பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சாம்பல் இரும்பைக் காணோம். அந்த இடத்தில் அவர்கள் டீமின் ஸ்டிக்கர், காளை முகத்தோடு, அளவெடுத்தாற்போல ஒட்டியிருந்தது. போட்டி நடத்துகிறவர்களின் பரிசோதகர் ஏற்கெனவே ஹிட்ச்சின் உயரத்தை அளந்து, டயர், பிரேக் எல்லாம் பார்த்து, வண்டியைப் பாஸ் செய்துவிட்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஸ்டிக்கரைப் பிய்த்து எறிந்திருப்பேன். கையை அடக்கிக்கொண்டு நின்றேன். என்ன செய்வது? பரிசோதகரிடம் போகலாம். போய் என்ன சொல்வது? விரிசல் இருக்கிறது என்றா? எனக்கு அது நிச்சயமாகத் தெரியாதே. தெரிந்திருந்தால் அவரிடம் போயிருப்பேன், கேட்காவிட்டால் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். சந்தேகத்தை வைத்துக்கொண்டு, மெக்கானிக் ஒருவர் சரி என்று சொன்ன வண்டியைக் கூட்டத்தின் நடுவே வெளியேற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஆனால் அந்தச் சந்தேகத்தை அதில் ஏறி உட்காரப்போகிறவளிடம் மறைக்கவும் எனக்கு உரிமை இல்லையே. ஒரு வாரமாக நானும் கதிர்வேலும் மெக்கானிக்கும் மாறி மாறிப் பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சில் அவள் இல்லவே இல்லை. அவள் உடம்புதான் அந்த இருக்கையில் இருக்கப்போகிறது.

திரும்பிப் பார்த்தபோது காங்கேயன் வரிசையில் நின்றது. முன்னால் ஒரே ஒரு வண்டி. சுகன்யா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இருக்கையில் இருந்தாள். நான் ஓடினேன். இந்த உடம்போடு ஓடியதைப் பார்த்து நம் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

"சுகன்யா, ஒரு விஷயம் சொல்லணும்."

"இப்பவா அக்கா? அடுத்தது நாந்தான்."

"இப்பத்தான் சொல்லணும். பின்னாடி அந்த ஸ்டிக்கருக்குக் கீழ ஒரு கோடு இருக்குது. க்ராக்கா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மெக்கானிக் இல்லைங்கறாரு. எனக்குச் சந்தேகம். டெஸ்ட் பண்ணல."

அவள் என்னையே பார்த்தாள். "இவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"ஒரு வாரமா."

அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். அவள் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். "டெஸ்ட் பண்ணாமயே ரிலீஸ் பண்ணிட்டீங்க எல்லாரும்" என்றாள். பிறகு நிதானமாக, ஆபீஸில் கேட்பதுபோலக் கேட்டாள்: "உடைஞ்சா என்ன ஆகும்?"

"ஹிட்ச் பிச்சுக்கிட்டுப் போகும். சங்கிலி எந்தப் பக்கம் வந்து அடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நீங்களா இருந்தா ஓட்டுவீங்களா?"

"மாட்டேன்."

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் 'கேங்-கே-யேன்' என்று கூப்பிட்டார். நம் கூட்டம் விசிலடித்தது. தடத்தில் கொடி காட்டி வண்டிகளை அனுப்பும் கொடிக்காரர் அவளை முன்னே வரச் சொல்லிக் கையசைத்தார். சுகன்யா முன்னே போகவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். என்ஜினை ஆஃப் செய்தாள். கொடிக்காரரைப் பார்த்து இல்லை என்று கையை ஆட்டினாள். விசில் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

கதிர்வேல் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, என்னத்தைச் சொன்னீங்க அவகிட்ட?"

"உங்ககிட்ட சொன்னதைத்தான்" என்று சுகன்யா பதில் சொன்னாள்.

"சுகன்யா, மெக்கானிக் பாத்துட்டாரு. ஒன்னும் இல்ல. அப்பா அங்க உக்காந்திருக்காரு. ப்ளீஸ்."

அவள் இறங்கினாள். ஹெல்மெட்டை அவரிடம் நீட்டினாள். "ஒன்னும் இல்லைன்னா நீங்க ஓட்டுங்க. ஏறுங்க. உங்க பேரும் போட்டி ஃபார்ம்ல இருக்குதில்ல?"

கதிர்வேல் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்தார். ஒரு காலைத் தூக்கிப் படியிலும் வைத்தார். அறிவிப்பாளர் இரண்டாம் முறை கூப்பிட்டார். கதிர்வேல் திரும்பி அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். காலைக் கீழே எடுத்து வைத்துவிட்டார்.

வண்டியை வரிசையிலிருந்து ஓரமாகத் தள்ளினோம். நாற்காலியிலிருந்து எழுந்து வந்த அவருடைய அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா? கெளம்பலாமா? வெயில் தாங்கல" என்றார். அவர் ஒன்றும் குத்தலாகச் சொல்லவில்லை. வெயில் நிஜமாகவே தாங்கவில்லை. ஆனால் கதிர்வேலுக்கு அதைவிட வேறு எதுவும் வலித்திருக்காது. மற்றவர்கள் ட்ரேக்களை மூடி எடுத்து வைக்கும்போது என்னிடம் வந்து, "எங்கப்பா முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்க. இனி உங்க ஷாப் பக்கம் தலை வெச்சும் படுக்கமாட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் நின்று வாங்கிக்கொண்டேன்.

அவர் அப்பா அடுத்த வாரமே விமானம் ஏறிவிட்டார். அதற்குப் பிறகுதான் காங்கேயனுக்கு மெஷின் ஷாப்பில் நேரம் கிடைத்தது. காந்தப் பொடி தூவிப் பார்த்தார்கள். விரிசல் இல்லை. மெக்கானிக் சொன்னதுபோலவே அச்சில் விழுந்த மடிப்பு. கிரைண்டரை வைத்து லேசாகத் தேய்த்ததும் கோடு மறைந்துவிட்டதாம். வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி பறந்தது. பெயிண்ட் அக்காவுக்குக் கண் போய்விட்டது, இனி எலுமிச்சைப்பழத்திலும் க்ராக் என்பார் என்று ஒருவர் போட, அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்தச் சீசன் முழுக்க நம்மவர்கள் யாரும் என் ஷாப்புக்கு வரவில்லை. கோயிலில் பார்த்தால் சிலர் சந்நிதியை மாற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து கணவரிடம் கத்தியிருக்கிறேன், அழுதுமிருக்கிறேன். "நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா ஒன்னும் ஆகியிருக்காதே" என்றார் அவர். ஆகியிருக்காதுதான். அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

தம்பிகளே, தங்கைகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் உங்கள் சந்தேகம் பல தடவை பொய்யாகும். பொய்யாகும்போது சிரிப்பார்கள். அடுத்த தடவை சந்தேகம் வரும்போது அந்தச் சிரிப்பு காதில் கேட்கும், கை தானாக ப்ரைமர் டப்பாவை நோக்கிப் போகும். அங்கேதான் நீங்கள் பிடிவாதமாக நிற்க வேண்டும். காங்கேயனுக்குப் பிறகும் நான் பல வண்டிகளைச் சுற்றி வந்திருக்கிறேன். கம்ப்ரஸரை ஆஃப் செய்யாமல் ஒரு வண்டிக்கும் ப்ரைமர் அடித்ததில்லை. சந்தேகம் வந்த இடங்களை அடிக்காமல்தான் விட்டேன். அதில் எத்தனை நிஜம், எத்தனை பொய் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

அடுத்த சீசன் தொடங்கும் முன்பு ஒரு ட்ரெய்லர் என் ஷாப் வாசலில் வந்து நின்றது. காங்கேயன். தேய்த்த இடம் பளபளவென்று இருந்தது. கதிர்வேலும் சுகன்யாவும் இறங்கினார்கள். தலை வைத்துப் படுக்கமாட்டேன் என்றவரை நானும் ஒன்றும் கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"அது க்ராக் இல்லீங்க அக்கா."

"கேள்விப்பட்டேங்க தம்பி. ரொம்ப நல்லது."

"அன்னைக்கு ஓட்டியிருக்கலாம்."

"ஓட்டியிருக்கலாம். இப்பத் தெரியுது."

"அப்பாவுக்கு முட்டி வலி. இனி ஃபிளைட் ஏற மாட்டேங்கறாரு."

அந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துப்போனது. அவர் இழந்தது நிஜம். அதை நான் பெயிண்ட் அடித்துத் திருப்பிக் கொடுக்க முடியாது. மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கேட்கவில்லை. "உங்க அப்பா பாக்க முடியாமப் போனது எனக்கும் கஷ்டந்தான். ஆனா நாளைக்கே இன்னொரு கோடு தெரிஞ்சாலும் இதையேதான் பண்ணுவேன்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியுங்க. அதான் இங்க கொண்டு வந்தோம்" என்றார்.

சுகன்யா வண்டியைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றாள். "அக்கா, அடுத்த தடவை ஏதாவது பாத்தீங்கன்னா மொதல்ல என்னைக் கூப்பிடுங்க. வரிசையில நிக்கும்போது வந்து சொல்லாதீங்க. பாத்த அன்னைக்கே கூப்பிடுங்க" என்றாள்.

"கண்டிப்பாக் கூப்பிடறேம்மா" என்று ஃபோனை எடுத்து அவள் பெயரைத் தேடினேன். கதிர்வேல் இருந்தார். நண்பர்கள் மூன்று பேரும் இருந்தார்கள். மெக்கானிக்கும்கூட இருந்தார். அந்த வண்டியை ஓட்டுகிறவளின் நம்பர் என்னிடம் இல்லை.

"சொல்லும்மா, உன் நம்பரை" என்றேன்.